விஞ்ஞான ஆசிரியர் ஏன் தமிழின் பக்கம் போனார்?

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பிரதான வீதியில், சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவே இருக்கிறது காரைதீவு. வடக்கேயும் முஸ்லிம் ஊர், தெற்கேயும் முஸ்லிம் ஊர். அந்த ஊரைத் தாண்டித்தான் எம்மில் பலர் தினமும் போய் வருகிறோம். அங்கே 1892இல் சாமித்தம்பிக்கும் கண்ணம்மையாருக்கும் பிறந்த மயில்வாகனம்தான் பிற்காலத்தில் சுவாமி விபுலாநந்தர் ஆனார். எங்கள் பிள்ளைகளுக்கு அது பாடப்புத்தகத்தில் வரும் ஒரு பெயர். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவார்கள். 1990க்குப் பின் வளர்ந்த தலைமுறையிடம் இது இன்னும் கூடுதலாகத் தெரிகிறது. ஒரே வீதியில் இருந்துகொண்டு ஒருவரது பெரியவர்களை மற்றவர் அறியாமலே வளர்ந்துவிட்டோம்.

நான் இருபது வருடங்களுக்கு மேலாக இந்த வாவிக்கரைப் பாடசாலைகளில் தமிழ் படிப்பித்து வருகிறேன். புதிதாக வரும் இளம் ஆசிரியர்கள், இவ்வளவு காலம் சலிக்காமல் இந்தப் பாடத்தைப் பிடித்துக்கொண்டிருக்க எது காரணம் என்று கேட்பதுண்டு. என் கதையில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அடிகளாரின் கதையைச் சொல்வேன். ஏனென்றால் அவர் தொடங்கியது மொழி ஆசிரியராக அல்ல.

சிறுவயதில் ஊரில் தமிழும், பிறகு கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் ஆங்கிலமும் படித்தார். அடுத்து மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரி. அங்கே அப்போது பிரெஞ்சு யேசுசபைக் குருமார் இருந்தார்கள். கணிதத்தில் அவர் கெட்டிக்காரர் ஆனது அங்கேதான். பதினாறு வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். ஒரு சைவப் பிள்ளையை மெதடிஸ்தரும் கத்தோலிக்கரும் வளர்த்துவிட்டார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால், பின்னாளில் அவர் யாருடைய பிள்ளை என்று பாராமல் படிப்பித்தது ஆச்சரியமாக இருக்காது.

1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறினார். இலங்கையிலிருந்து அதில் தேறிய முதலாமவர் அவரே. ஆனால் சம்பளம் வாங்கியது விஞ்ஞானம் படிப்பித்து. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியர். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பீ.எஸ்ஸி. பட்டதாரி; அதே ஆண்டில் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர். 1922இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924இல் துறவி ஆனார்.

அந்தக் காலத்துப் பாடசாலை முறையைச் சொல்லாவிட்டால் அவர் செய்தது விளங்காது. காசு கட்டிப் படிக்கும் ஆங்கிலப் பாடசாலை ஒருபுறம். ஏழைப் பிள்ளைக்கான தமிழ்ப் பாடசாலை மறுபுறம். விஞ்ஞானமும் உத்தியோகமும் முதலாவதில்தான் இருந்தன. தமிழில் மட்டும் படித்த மீனவர் பிள்ளைக்கோ வயற்காரர் பிள்ளைக்கோ ஒட்சிசன் என்னவென்று சொல்லிக் கொடுக்கச் சொல்லே இல்லை. விஞ்ஞானம் படிப்பித்தவருக்கு இந்தக் கதவு பூட்டியிருப்பது எங்கே என்று நன்றாகத் தெரிந்திருக்கும். அவரை மொழியின் பக்கம் தள்ளியது இலக்கிய மோகம் மட்டுமல்ல, இதுவும்தான் என்பது என் எண்ணம். 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். 1938இல் கலைச்சொற்கள் நூலாக வந்தன. விஞ்ஞானமும் தமிழும் இரண்டும் கைவந்த ஒருவர் செய்யவேண்டிய வேலை அது. இன்று எங்கள் பிள்ளைகள் உயர்தரத்தில் தமிழில் இரசாயனம் படிக்கிறார்கள் என்றால், அதற்குப் பாதை போட்டவர்களில் ஒருவர் காரைதீவார்.

1925இல் இலங்கைக்குத் திரும்பி, மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பெடுத்தார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். காத்தான்குடியார் மட்டக்களப்பு டவுனுக்குப் போகும் வழிதான் அது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தனது முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அவரை அழைத்தது. அங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி இருக்கிறது. பகலில் பட்டதாரி மாணவர்களுக்கு விரிவுரை. மாலையானால் பக்கத்தில் திருவேட்களத்தில் சாதியின் பெயரால் ஒதுக்கிவைக்கப்பட்ட மக்களின் சேரிக்குப் போய் அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பார். பேராசிரியர் சேரிக்குப் போவதா என்று முகம் சுளிக்கும் காலம் அது. பண்டிதர்கள் பாரதியைக் கவிஞராகவே கணக்கெடுக்காத நாளில், அவருடைய பாடல்களைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தவரும் இவர்தான்.

எங்களுக்கு இதில் எடுக்க நிறைய உண்டு. சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் பெத்தும்மா வாயில் கவி தானாக வரும். அந்த வீட்டுப் பேரன் வகுப்பில் எழுந்து நான்கு வசனம் சொல்ல நாக்கு உலர்ந்து நிற்பான். வீட்டில் கதைக்கிற தமிழ் பிழையானது என்று யாரோ அவனுக்குச் சொல்லிவிட்டார்கள். பெற்றோரோ தமிழ் தானாக வரும், ஆங்கில ரியூசனுக்குக் காசைக் கட்டுவோம் என்கிறார்கள். ஆங்கிலம் வேண்டும்தான். அடிகளாரும் மாயாவதியில் இருந்து ஆங்கிலச் சஞ்சிகை நடத்தியவர், சேக்ஸ்பியரின் நாடகங்களை ஆராய்ந்து 'மதங்க சூளாமணி' எழுதியவர். ஆனால் ஒரு மொழியிலும் வாய் திறக்காத பிள்ளைக்கு இரண்டாவது மொழி எங்கே போய் ஒட்டும்?

1942இல் சிவில் சேவை உத்தியோகத்தராக ஏ.எம்.ஏ. அஸீஸ் கல்முனைக்கு வந்தார். யுத்தகால உணவு உற்பத்திதான் அவரது கடமை. அங்கே அடிகளாரோடும் காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பையோடும் நெருங்கிப் பழகினார். அரசாங்க உத்தியோகத்தர் ஒருவருக்குக் கல்விப் பைத்தியம் பிடித்தது அங்கேதான். அதே ஆண்டில் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கமும், 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியும் உருவாயின. அந்த நிதியால் படித்தவர்கள் எங்கள் ஊர்களில் எத்தனை பேர் என்று வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். பின்னாளில் கொழும்பு ஸாஹிராவின் அதிபராக அஸீஸ் தமிழுக்கு அங்கே கொடுத்த இடமும் தெரிந்ததுதான்.

1943இல் அடிகளார் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியர் ஆனார். அவரது ஊக்கத்தோடு அங்கே தமிழை எடுத்துப் படித்தவர்களில் ஒருவர் பாணந்துறையைச் சேர்ந்த ம.மு. உவைஸ். சிங்கள ஊர்கள் சூழ்ந்த இடத்திலிருந்து வந்த ஒரு முஸ்லிம் இளைஞர் தமிழ் படிப்பதை விசித்திரமாகப் பார்க்காமல், முஸ்லிம்கள் தமிழுக்கு எழுதியவற்றைத் தேடும்படி தூண்டிய ஆசிரியர் அவருக்குக் கிடைத்தார். சீறாப்புராணத்துக்கு அப்பாலும் எங்களுக்கு ஒரு பெரிய இலக்கியச் சொத்து இருப்பதை உவைஸ் பின்னர் ஊர் ஊராகத் தேடி ஆவணப்படுத்தினார்.

பழந்தமிழரின் யாழ்களைக் கணிதத்தாலும் ஒலிநூலாலும் மீட்டெடுத்த 'யாழ் நூல்' பல வருட உழைப்பு. 1947 ஜூனில் அது அரங்கேறியபோதே அடிகளார் நோயாளி. ஜூலை 19இல் காலமானார். சிவானந்த வித்தியாலய வளவிலேயே அடக்கம் செய்தார்கள். உவைஸ் பிற்காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியரானார். காரைதீவு மயில்வாகனம் பண்டிதர் பட்டம் வாங்கிய அதே மதுரையில்.