சொல் தேடித் தந்த முனிவர்

இத்தாலி நாட்டில் காஸ்திலியோனே என்பது ஒரு சிற்றூர். புனித ஞானப்பிரகாசியார் பிறந்த அதே ஊரில், 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் பிறந்தவர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1698-இல் இயேசு சபையில் சேர்ந்து குருவானார். 1710-இல் கோவாவில் வந்து இறங்கி, அங்கிருந்து மதுரை மறைத்தளத்திற்கு வந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. தமிழில் ஓர் எழுத்தும் அறியார்.

அவருக்கு முன்பே இத்தாலியிலிருந்து வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார், 1623-இல் நம் நாமக்கல்லை அடுத்த சேந்தமங்கலம் வரை வந்தவர். அவர் வழியிலேயே பெஸ்கியும் காவி உடுத்தினார், மரக்கறி உண்டார், பெயரையும் மாற்றிக்கொண்டார். தைரியநாதர் என்பது முதலில் வைத்துக்கொண்ட பெயர். பின்னாளில் வீரமாமுனிவர் என்னும் பெயரே நிலைத்தது. குருக்கள்பட்டியில் பிடிபட்டு, மரண தண்டனை வரை சென்று மீண்டதும் உண்டு. பல்லக்கு, புலித்தோல் என்று அவரைப் பற்றி வழங்கும் கதைகளோ பல. அவை அவர் மறைந்து நெடுங்காலத்திற்குப் பின் எழுதப்பட்டவை ஆதலால் அவற்றை விட்டுவிடுகிறோம்.

சுப்பிரதீபக் கவிராயரிடம் அவர் தமிழ் கற்றார் என்பர். புனித சூசையப்பரை வளன் என்று பெயரிட்டுப் பாடிய தேம்பாவணி, 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். அதைப் பற்றி இம்மலரில் எத்தனையோ முறை எழுதியாயிற்று. பரமார்த்த குரு கதையைச் சொல்லிச் சிரிக்காத வகுப்பும் இல்லை. ஆகவே நாங்கள் எழுத எடுத்துக்கொண்டது, பலரும் பேசாமல் விட்டுவிடும் அவரது சதுரகராதியை.

ஓய்வு வேளைகளில் நாங்கள் ஆங்கிலச் சொல் விளையாட்டு விளையாடுவதுண்டு. மூன்று நான்கு எழுத்துகளைச் சொல்லி, அவை எல்லாம் வரும் மிக நீளமான சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் எழுத்து தெரிந்தால் அகராதியைப் புரட்டி விடலாம். நடுவில் வரும் எழுத்து மட்டும் தெரிந்தால் அகராதி உதவாது. தமிழில் செய்யுள் எழுதப் புகுந்தவருக்கு இது விளையாட்டு அன்று, அன்றாடத் தேவை. எதுகை அமைய இரண்டாம் எழுத்து ஒன்றாக வர வேண்டும்; முதல் எழுத்தும் அளவில் ஒத்திருக்க வேண்டும். கடல், உடல், மடல், திடல் எல்லாம் ஓர் இனம். பாடம், மாடம், கூடம், ஓடம் வேறோர் இனம். ஆனால் அகரவரிசையில் கடல் ஓரிடத்தில், மடல் வேறோரிடத்தில். இவற்றை எங்கே போய்த் தேடுவது?

அந்நாளில் நிகண்டுகள் இருந்தன. திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலியவை செய்யுளாலானவை. அவற்றை மனப்பாடம் செய்தவருக்கே பயன்படும். சூடாமணி நிகண்டின் பதினொன்றாம் தொகுதி எதுகை முறையில் அமைந்ததுதான். ஆயினும் அதுவும் பாட்டு. நிகண்டு கற்க ஆசிரியர் வேண்டும், திண்ணைப் பள்ளி வேண்டும். அங்கே பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை. தமிழ் அகராதியின் தந்தை என்று முனிவரைச் சொல்வர். நியாயமாகப் பார்த்தால், சிதம்பரம் ரேவண சித்தர் 1594-இலேயே அகராதி நிகண்டு செய்து, சொற்களை முதலெழுத்து வரிசையில் அடுக்கினார். அதனையும் சொல்லத்தான் வேண்டும். செய்யுளை விட்டு, முதலெழுத்தோடு நில்லாமல் அடுத்தடுத்த எழுத்துகளையும் வரிசைப்படுத்தியது முனிவரின் பணி.

1732-இல் முடிந்த அந்நூல் நான்கு பகுதிகளைக் கொண்டது. சதுர் என்றால் நான்கு. பெயரகராதியில் சொல்லைத் தேடினால் பொருள் கிடைக்கும். மா என்றால் மரமும் உண்டு, குதிரையும் உண்டு. பொருளகராதி அதற்கு மறுதலை. யானையைக் குறிக்க வேழம், களிறு, கரி என்று எத்தனை பெயர் உண்டோ அவற்றைத் தருவது அது. முக்கனி, அறுசுவை போன்ற தொகைகளை விரித்துச் சொல்வது தொகையகராதி. நான்காவதுதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. தொடையகராதி எனப்படும் அப்பகுதியில் சொற்கள் எதுகைப்படி இனம் இனமாக நிற்கின்றன. நடுவெழுத்தைச் சொல்லிச் சொல்லைக் கேட்பவருக்கு அங்கே விடை கிடைக்கிறது. செய்யுள் எழுதத் திணறுபவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தாமே ஆயிரக்கணக்கில் பாடல் புனைந்தவர் ஆதலால் அந்தத் திணறல் அவருக்குத் தெரிந்திருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

எழுத்தையும் அவர் சும்மா விடவில்லை. அக்காலத்தில் எகரக் குறிலுக்கும் ஒகரக் குறிலுக்கும் மேலே புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இல்லையேல் நெடில். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பலர் அதை விட்டுவிடுவர். எரியா, ஏரியா? கொடுவா, கோடுவா? படிப்பவர் இடம் பார்த்துத்தான் உணர வேண்டும். முனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்தார். ஒற்றைக் கொம்பைச் சுழித்து இரட்டைக் கொம்பாக்கினார். இன்று நாம் தேன் என்று எழுதும்போது போடும் கொம்பு அவர் தந்தது. ஒரே உருவில் இரண்டு சொற்கள் நின்றால் அவற்றை எந்த வரிசையில் வைப்பது? இச்சீர்திருத்தத்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியில் தனி இருக்கை கிடைத்தது.

இதற்கிடையே தொன்னூல் விளக்கம் என்னும் இலக்கணம் செய்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தார். ஏலாக்குறிச்சியிலும் கோணான்குப்பத்திலும் தேவ அன்னைக்கு ஆலயம் எழுப்பினார். 1747-இல் கேரளத்து அம்பலக்காட்டில் இறைவனடி சேர்ந்தார். காஸ்திலியோனேக்கு அவர் திரும்பிச் செல்லவே இல்லை.

சதுரகராதி நெடுங்காலம் கைப்பிரதியாகவே வழங்கி, 1824-இல் சென்னையில் முழுமையாக அச்சேறியது. எழுதியவர் கண்ணை மூடி அப்போது 77 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னை மெரினா கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.