மீன் உண்ணச் சொன்ன ரேச்சல் கார்சன்

இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த 1943-இல் அமெரிக்காவில் இறைச்சிக்குப் பங்கீட்டு முறை வந்தது. இறைச்சி குறைந்த இடத்தை மீனால் நிரப்ப விரும்பிய அரசு, மக்களை மீன் உண்ணத் தூண்டும் கையேடுகளை வெளியிட்டது. அதிகம் அறியப்படாத மீன்களின் சுவையையும் சத்தையும் எடுத்துக்கூறிய அவற்றை எழுதியவர், அரசுப் பணியில் இருந்த உயிரியலாளர் ரேச்சல் கார்சன். பூச்சிக்கொல்லிகளுக்கு எதிராகக் குரல் எழுப்பியவர் என்று மட்டுமே அவரை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்கலாம். எனக்கோ அவரது வாழ்வில் இந்தப் பகுதியே மிகவும் பொருள் பொதிந்ததாகத் தோன்றுகிறது.

1907-இல் பென்சில்வேனியாவின் ஸ்பிரிங்டேலில், கடலுக்கு வெகு தொலைவில் பிறந்தவர் அவர். கடலை முதன்முதலில் கண்டபோது அவருக்கு வயது 22. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1935-இல் தந்தை இறந்ததும் குடும்பப் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. மீன்வளத் துறைக்கு வானொலி உரைகள் எழுதத் தொடங்கி, அங்கேயே முழுநேரப் பணியில் அமர்ந்தார். 1951-இல் வெளியான அவரது கடல் நூல் பெரும் புகழ் ஈட்டித் தந்தது. மறு ஆண்டே அரசுப் பணியை விட்டு விலகினார்.

கலிபோர்னியாவின் கிளியர் ஏரியில் கொசு போன்ற சிறு பூச்சிகளை ஒழிக்க, டிடிடியின் நெருங்கிய உறவான ஒரு வேதிப்பொருளை 1949 முதல் மூன்று முறை கலந்தனர். நீரில் அது பத்து லட்சத்தில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே இருந்தது. ஆனால் மிதவை நுண்ணுயிரிகளில் 5 பங்கு. இரைதின்னி மீன் ஒன்றில் 2,500 பங்கு. மீனை உண்ட முக்குளிப்பான் பறவைகள் கூட்டமாக மடிந்தன. நஞ்சு நீரில் கரைந்து மறைவதில்லை, கொழுப்பில் தங்கி உணவுச் சங்கிலியில் படிப்படியாகப் பெருகுகிறது என்பதை, 1962-இல் வெளிவந்த ‘மௌன வசந்தம்’ நூலில் கார்சன் சாதாரண வாசகருக்கும் விளங்கும்படி எழுதினார்.

அந்நூலை எழுதும்போதே மார்பகப் புற்றுநோய் அவரைப் பீடித்திருந்தது. நோய் வெளியே தெரிந்தால் தம் ஆய்வின் நடுநிலைமை மீது எதிரிகள் ஐயம் கிளப்புவர் என்று அதை மறைத்தார். வேதியியல் தொழில்துறை அவரைக் கடுமையாகச் சாடியது. அவர் கேட்டதோ கண்மூடித்தனமான பயன்பாட்டை நிறுத்த வேண்டும் என்பதே. எல்லாப் பூச்சிக்கொல்லிகளுக்கும் அவர் தடை கோரவில்லை. 1963-இல் செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். 1964 ஏப்ரல் 14 அன்று, 56-ஆம் வயதில் மறைந்தார். அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது 1972-இல்தான்.

நீரிழிவு குறித்து அவர் எழுதியதில்லை. அந்த ஆய்வுகள் பின்னால் வந்தவை. வியட்நாம் போரில் களைக்கொல்லி தெளித்த அமெரிக்க விமானப்படையினரிடம் டையாக்சின் அளவுக்கும் நீரிழிவுக்கும் தொடர்பு இருப்பது 1997-இல் தெரிவிக்கப்பட்டது. இரத்தத்தில் நிலைத்த கரிம மாசுகள் மிகுந்தோரிடம் நீரிழிவும் மிகுந்திருப்பதை 2006-இல் அமெரிக்கத் தேசிய ஆய்வுத் தரவு காட்டியது. தொடர்பு என்பதே காரணம் ஆகாது. மீன் உண்பதற்கும் நீரிழிவுக்கும் உள்ள உறவும் நாட்டுக்கு நாடு மாறுகிறது: ஆசிய ஆய்வுகள் பல சாதகமாகவும், அமெரிக்க ஆய்வுகள் சில பாதகமாகவும் உள்ளன. சமைக்கும் முறை, மீனின் வகை, அதிலுள்ள மாசு என விளக்கங்கள் பல.

சர்க்கரை நோயாளியான எனக்கு மருத்துவர் மீனைப் பரிந்துரைத்தார். அதை நான் கைவிடவில்லை. மத்தியும் நெத்திலியும் வாங்குகிறேன். சங்கிலியின் உச்சியில் வாழும் சுறாவையும் பெரிய சூரையையும் தவிர்க்கிறேன். எண்ணெயில் பொரிப்பதைவிடக் குழம்பே எங்கள் வீட்டில் அதிகம்.