கணக்குக் கேட்கப்பட்ட பிஷப்

நம் குடியிருப்பில் பெயின்ட் அடிக்கும் வேலை என்றாலும், தண்ணீர்த் தொட்டி பழுது என்றாலும், பொறுப்பேற்று நடத்துபவரிடம் கணக்குக் கேட்கிறோம். அது நம் உரிமை. 600 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் அப்படிக் கணக்குக் கேட்கப்பட்டு, எல்லாவற்றையும் இழந்து, பிறகு எழுந்து நின்றவர் வில்லியம் ஆஃப் விக்கம்.

1324 வாக்கில் ஹாம்ப்ஷயர் பகுதியில் உள்ள விக்கம் என்ற ஊரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். வின்செஸ்டரில் பள்ளியில் படித்தார். பல்கலைக்கழகம் போகவில்லை. 1356-இல் மன்னர் மூன்றாம் எட்வர்ட், வின்ட்சர் கோட்டைக் கட்டட வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை இவரிடம் கொடுத்தார். கல், மரம், கூலியாட்கள், வரவு செலவு எல்லாம் இவர் கையில். வேலை நன்றாக நடந்தது. மன்னரின் நம்பிக்கையும் வளர்ந்தது. 1367-இல் செல்வம் மிகுந்த வின்செஸ்டர் மறைமாவட்டத்தின் பிஷப் ஆனார். அதே ஆண்டில் அரசின் உயர்ந்த பதவியான சான்சலர் பதவியும் வந்தது.

உயரம் கூடினால் பகையும் கூடும். 1371-இல் சான்சலர் பதவியை விட்டார். 1376-இல் மன்னரின் மகன் ஜான் ஆஃப் கான்ட் தரப்பினர், பதவியில் இருந்தபோது அரசுப் பணத்தைச் சரியாகக் கையாளவில்லை என்று பல குற்றச்சாட்டுகளை அடுக்கினார்கள். ஒருவருக்கு விதித்த அபராதத்தைக் குறைத்துவிட்டார் என்ற ஒன்று மட்டும் நிலைத்தது. அதற்கே பிஷப் பதவிக்குரிய நிலங்களும் வருமானமும் பறிபோயின. அரசவைப் பக்கம் வரவும் தடை. அடுத்த ஆண்டில் எல்லாம் திரும்பக் கிடைத்தன.

மீண்டும் கைக்கு வந்த செல்வத்தை அவர் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். கொள்ளைநோயில் பாதிரியார்கள் ஏராளமாக இறந்து, படித்தவர்களுக்குப் பஞ்சம் ஏற்பட்டிருந்தது. 1379-இல் ஆக்ஸ்ஃபோர்டில் நியூ காலேஜையும், அதற்கு மாணவர்களைத் தயார் செய்ய 1382-இல் வின்செஸ்டரில் ஒரு பள்ளியையும் நிறுவினார். ஒவ்வொன்றிலும் 70 மாணவர்கள். தனக்குக் கிடைக்காத பல்கலைக்கழகப் படிப்பை, வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கிடைக்கச் செய்தார்.

1389 முதல் 1391 வரை மறுபடியும் சான்சலராக இருந்தார். முதுமையில் வின்செஸ்டர் பேராலயத்தின் நடுக்கூடத்தைப் புதுப்பிக்கத் தொடங்கினார். அது முடிவதற்குள், 1404 செப்டம்பரில், ஏறக்குறைய 80 வயதில் காலமானார். அந்தக் கூடத்திலேயே அவரது கல்லறை உள்ளது.

அவர் மீதான வழக்கு இன்று வரலாற்று நூல்களில் சில வரிகள் மட்டுமே. அவர் தொடங்கிய பள்ளியிலும் கல்லூரியிலும் இன்றும் வகுப்புகள் நடக்கின்றன.