கராச்சி டு மெட்ராஸ்... ரெண்டு நாள் பறந்த தபால்!

திருப்பூர்ல தைச்ச சாம்பிள் டி-ஷர்ட்டை பையருக்கு அவசரமா அனுப்பிட்டு, போனில் ட்ராக்கிங் பார்த்துட்டே இருப்போம் இல்லையா? கோவை - சென்னை ஃப்ளைட் ஒரு மணி நேரம்தான். அதுவே லேட்டுன்னு புலம்புவோம். 1932-ல் கதை வேற. அந்தக் கதையோட ஹீரோ, ஜே.ஆர்.டி. டாடா.

1904-ல் பாரிஸில் பிறந்தவர். 1929-ல் இந்தியாவின் முதல் பைலட் லைசென்ஸ் வாங்கியவர். அடுத்த வருஷம், இந்தியா - இங்கிலாந்து தனியாகப் பறக்கும் போட்டி. இவர் கராச்சியிலிருந்து கிளம்ப, 17 வயசு அஸ்பி இன்ஜினீயர் எதிர்த்திசையில் வந்தார். எகிப்தின் அபுகிர்ல சந்திச்சப்போ, அஸ்பிக்கு ஸ்பார்க் ப்ளக் தேவைப்பட்டது. போட்டியாளர்னு பார்க்காம எடுத்துக் கொடுத்தார் ஜே.ஆர்.டி. சில மணி நேர வித்தியாசத்தில் ஜெயிச்சது அஸ்பிதான்! பின்னாளில் அவர் விமானப்படைத் தளபதி ஆனது தனிக்கதை.

லண்டன் தபால் அப்போ விமானத்தில் கராச்சி வரைக்கும்தான் வரும். 1932 அக்டோபர் 15 காலையில், அதில் 25 கிலோவை ஏத்திக்கிட்டு, ஒற்றை இன்ஜின் 'புஸ் மாத்'தில் ஜே.ஆர்.டி கிளம்பினார். ரேடியோ கிடையாது. வழியில் அகமதாபாத்தில் பெட்ரோல். மதியம் 2 மணிக்கு முன்னாடியே பம்பாய் ஜூஹு மண் தரையில் இறங்கிட்டார். கிட்டத்தட்ட 900 கி.மீ., ஏழு மணி நேரம். அங்கிருந்து பார்ட்னர் நெவில் வின்சென்ட், பெல்லாரி வழியா மறுநாள் மெட்ராஸ் சேர்த்தார்.

அந்த கம்பெனிதான் ஏர் இந்தியா ஆச்சு. 1953-ல் அரசுடைமையானது அவருக்குப் பெரிய வலி. ஆனாலும், தலைவரா 1978 வரை இருந்தார்.

1982-ல், 78 வயசில், அதே கராச்சி - பம்பாய் ரூட்டை ஒரு பழைய குட்டி விமானத்தில் மறுபடியும் ஓட்டிட்டு வந்து ஜூஹுவில் இறங்கினார்.