தீவகம் தந்த தனிநாயகம் அடிகள்

யாழ்ப்பாணத்துத் தீவுகள் பார்ப்பதற்கு வறண்டவை. நல்ல தண்ணீருக்குத் தவிப்பு, காற்றுக்கு வளைந்த பனைகள், நெடுந்தீவில் சாந்து இல்லாமல் அடுக்கிய பவளக்கல் மதில்கள், மேயும் குதிரைகள். ஆனால் இந்த மண்ணின் வேர் பற்றிய ஒருவர்தான் தமிழை உலகப் பல்கலைக்கழகங்களின் வாசலுக்குக் கொண்டுபோனார். தனிநாயகம் அடிகளைப் பற்றி உயர்தரத் தமிழ்ப் பாடத்துக்காக வாசிக்கத் தொடங்கிய நான், பரீட்சைக்குத் தேவையானதைவிட அதிகமாக அவரிடம் கற்றுக்கொண்டேன். அதை என் சகோதரிகளோடும் பெற்றோர்களோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

அடிகளார் 1913 ஓகஸ்ட் 2 அன்று ஊர்காவற்றுறையைச் சேர்ந்த கரம்பொன்னில் பிறந்தார். தந்தையாரின் ஊர் நெடுந்தீவு. ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தார். கொழும்பில் குருமடத்தில் சேர்ந்து, 1934இல் உரோமாபுரி சென்று, 1938இல் கத்தோலிக்கக் குருவானார். இலத்தீனும் இத்தாலியமும் உட்படப் பல மொழிகளைக் கற்றார். அக்காலத்து ஆங்கிலக் கல்வியின் வழியே வந்த பலரைப் போல, தாய்மொழியின் பழைய இலக்கியத்தை முறையாகக் கற்கும் வாய்ப்பு மட்டும் அவருக்குக் கிட்டியிருக்கவில்லை.

1940இல் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்துப் பாடசாலைக்கு ஆசிரியப் பணிக்காக வந்தார். அப்போது வயது இருபத்தேழு. உரோமாபுரியில் பட்டம் பெற்ற ஒரு குரு, அங்கே ஒரு பண்டிதரிடம் மாணவனாக அமர்ந்து தமிழ் இலக்கியம் பயிலத் தொடங்கினார். தமக்குத் தெரியாததை மறைத்துக்கொண்டு வாழ அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. யாரும் கேட்கப் போவதில்லை. ஆனாலும் அவர் படிக்க உட்கார்ந்தார். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முதுகலைப் பட்டமும், அதன்மேல் ஆய்வுப் பட்டமும் பெற்றார். முன்னோரின் பெயரான தனிநாயகம் என்பதையே தம் பெயராகவும் வழங்கினார்.

அவர் ஆய்வுக்கு எடுத்த பொருள் சங்க இலக்கியத்தில் இயற்கை. அந்த ஆய்வு பின்னர் ஆங்கில நூலாக வெளிவந்து வெளிநாட்டு அறிஞர்களுக்குச் சங்கப் பாடல்களை அறிமுகம் செய்தது. கிரேக்க, இலத்தீன் கவிதைகளை அறிந்த கண்ணோடு அவர் நம் பாடல்களைப் பார்த்தார். தமிழ்ப் புலவர்கள் இயற்கையைத் தனியே அழகுக்காகப் பாடவில்லை, மனித உணர்வுக்குப் பின்புலமாகவே வைத்தார்கள் என்பதை விளக்கினார். குறிஞ்சிக்குக் கூடல், முல்லைக்குக் காத்திருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிவு. ஒவ்வோர் உணர்வுக்கும் ஒரு நிலம், ஒரு பொழுது, ஒரு பூ.

இதை வகுப்பில் மனப்பாடம் செய்தபோது எனக்கு அது அட்டவணையாகத்தான் இருந்தது. அடிகளாரின் கண்ணால் பார்த்தபோது வேறொன்று புலப்பட்டது. நம் முன்னோர் உணர்வுகளை அடக்கவும் இல்லை, அவிழ்த்துவிடவும் இல்லை. அவற்றுக்குப் பெயர் வைத்து, இடம் கொடுத்து, பொழுது கொடுத்தார்கள். இரங்கல் வந்தால் கடலோரம் நிற்கலாம், ஆனால் அந்தப் பொழுது கழியும் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. இன்று மனநல ஆலோசகர்கள், முதலில் உன் உணர்வு இன்னதென்று அடையாளம் காண் என்று சொல்வதும் இதற்குத் தொலைவில் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நெய்தலுக்குப் புன்னையும் முல்லைக்கு மழையும் இல்லாமற் போனால், அந்தப் பாடல்களின் பொருளும் நம்மிடமிருந்து போய்விடும். தாழையை அறியாத பிள்ளைக்கு நெய்தற் பாட்டு பாதிதான் விளங்கும். சுற்றாடலைக் காப்பது மொழியைக் காப்பதும் ஆகும் என்று நான் உணர்ந்தது இங்கேதான். அதன்பின் பொலித்தீன் பைக்குப் பதிலாகப் பனையோலைப் பையைக் கையில் எடுப்பது எனக்குச் சுற்றாடல் தினத்துக்கு மட்டும் உரிய வேலையாக இல்லை.

அடிகளாரின் வாழ்க்கைக்குத் திரும்புகிறேன். 1949 முதல் அவர் பல நாடுகளுக்குப் பயணம் செய்தார். மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இந்தியப் பண்பாடு என்றால் சமஸ்கிருதம் என்றே பெரும்பாலும் கருதப்பட்டதைக் கண்டார். தமிழை நேசித்த ஒருவருக்கு அது வருத்தம் தராமல் இருந்திருக்காது. ஆனால் அவர் யாரையும் ஏசி எழுதவில்லை. 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்ற ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். தெரியாதவர்களுக்குத் தெரியும் மொழியிலேயே சான்றுகளை எடுத்து வைத்தார்.

அதே ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளரானார். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த காலத்தில் தமிழரின் மொழி உரிமை குறித்துத் தெளிவாகப் பேசினார், எழுதினார். 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று இந்தியவியல் துறைக்குத் தலைமை தாங்கினார். வத்திக்கான் நூலகத்தில் தாம் கண்ட, 1679இல் அச்சான தமிழ்-போர்த்துக்கேய அகராதியை 1966இல் கோலாலம்பூரிலிருந்து மறுபடியும் வெளியிட்டார். 1964 ஜனவரியில் புதுடில்லியில் அறிஞர்கள் சிலரோடு சேர்ந்து உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை நிறுவினார். முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் நடந்தது. 1968இல் சென்னை, 1970இல் பாரிஸ், 1974இல் யாழ்ப்பாணம்.

யாழ்ப்பாண மாநாட்டின் இறுதி நாளில், ஜனவரி 10ஆம் திகதி, ஒன்பது உயிர்கள் பறிபோயின. எந்த ஊரைத் தன் ஊர் என்று நினைத்தாரோ அந்த ஊரில், எந்தப் பணியைத் தன் உயிராக நினைத்தாரோ அந்தப் பணியின் நடுவே அது நிகழ்ந்தது. அந்தத் துயரத்துக்குப் பிறகும் அவர் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. 1980இல் யாழ்ப்பாணத்தில் தந்தை செல்வா நினைவுப் பேருரையில் அவர் எடுத்துக்கொண்ட பொருளும், தமிழாராய்ச்சி கடந்து வந்த பாதையும் இனிச் செல்ல வேண்டிய பாதையும்தான். அதே ஆண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி காலமானார்.

ஒரு கத்தோலிக்கக் குருவானவரைப் பற்றி முஸ்லிம் மாணவி ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். சமணமும் பௌத்தமும் சைவமும் வைணவமும் இஸ்லாமும் கிறிஸ்தவமும் தமிழை வளர்த்தன என்று சொன்னவர் அவர். அம்மன் கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் ஒரே சிறு தீவில் நிற்கும் நயினாதீவை அறிந்த நமக்கு அது புதிதல்ல.

எனக்கு அதைவிட நெருக்கமான காரணமும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது என் உம்மம்மாவும் தீவகத்திலிருந்த வீட்டை விட்டுப் புத்தளத்துக்குப் போனவர். அவர் அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்குள் கோபம் மூளும். நான் பார்க்காத வீட்டுக்காக, நான் பிறக்குமுன் நடந்ததற்காக வரும் கோபம் அது. அதைப் பொய்யென்று சொல்லமாட்டேன், நியாயமற்றது என்றும் சொல்லமாட்டேன். ஆனால் அதை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. யார் மீதாவது எறிந்தால், இன்று என் பக்கத்து வாங்கில் இருக்கும் தோழிமேல்தான் விழும். அவளும் என்னைப் போலப் பின்னால் பிறந்தவள்.

ஆகவே ஒரு கொப்பி வாங்கினேன். உம்மம்மாவின் வாயிலிருந்து வரும் தீவகச் சொற்களையும் தாலாட்டுகளையும், வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் எந்த மாதம் உவர்க்கும், ஒடியலை எப்படிக் காயவைப்பது, கடகம் எப்படி இழைப்பது என்பதையெல்லாம் எழுதி வருகிறேன். இதுவரை நாற்பது பக்கம் நிறைந்திருக்கிறது. சொல்லச் சொல்ல உம்மம்மாவின் குரலும் மாறுகிறது. இழந்ததைச் சொல்லத் தொடங்கி, தெரிந்ததைக் கற்பிப்பவராக முடிக்கிறார். வாப்பாவும் இப்போது இரவில் வந்து பக்கத்தில் இருந்து, விடுபட்டதை எடுத்துக் கொடுக்கிறார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் மூத்தவர்கள் இருப்பார்கள். எந்த மரத்தின் நிழல், எந்தக் கிணற்றின் தண்ணீர், எந்தப் பாட்டு என்று கேளுங்கள், கேட்டதை எழுதி வையுங்கள். பெற்றோர்களே, பிள்ளைகள் கேட்கும்போது நேரமில்லை என்று சொல்லாதீர்கள். இருபத்தேழு வயதில் பண்டிதரின் முன் அமர்ந்த அந்தத் தீவக மைந்தருக்குப் பிந்திவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. நமக்கும் இன்னும் பிந்தவில்லை.