நடிக்க மறுத்த முதியவர்

மட்டக்களப்பு வாவி தரும் இறாலும் நண்டும் நம் இல்லங்களில் விரும்பி உண்ணும் உணவு. பண்டைய இஸ்ரயேலருக்கோ அவை விலக்கப்பட்டவை. சிறகும் செதிலும் இல்லாத நீர்வாழ் உயிர்களையும் பன்றி இறைச்சியையும் உண்ணலாகாது என்று லேவியர் நூலின் 11ஆம் அதிகாரம் விதித்திருந்தது.

அச்சட்டத்தின்பொருட்டு உயிர்நீத்தவர் எலயாசர். 90 வயது நிறைந்த மறைநூல் அறிஞர். கி.மு. 167ஆம் ஆண்டளவில் அந்தியோக்கு மன்னன் யூத நெறியைத் தடைசெய்தபோது, அவருடைய வாயைத் திறந்து பன்றி இறைச்சியைத் திணித்தனர். அவர் துப்பிவிட்டார். நெடுநாள் பழகியோர் இரங்கி, அவரைத் தனியே அழைத்தனர். உண்ணத்தகுந்த இறைச்சியை அவரே கொண்டுவந்து, மன்னனின் ஆணைப்படி உண்பதுபோல் நடித்தால் உயிர் தப்பலாம் என்றனர். எலயாசர் இணங்கவில்லை. முதுமையில் தாம் நெறி மாறிவிட்டதாக எண்ணி இளையோர் வழிதவறுவர் என அஞ்சினார். அடியுண்டே உயிர்துறந்தார். மக்கபேயர் இரண்டாம் நூலின் 6ஆம் அதிகாரம் இதனை எடுத்துரைக்கிறது.

இன்று எவ்வுணவும் நமக்குத் தீட்டன்று. ஆயினும், தவக்கால வெள்ளியில் இறைச்சியைத் தவிர்த்து, இறால் பொரியலும் நண்டுக் கறியுமாய் விருந்துண்டு, ஒறுத்தல் செய்துவிட்டதாக நிறைவடைகிறோம். சட்டத்தை மீறுவதாக நடிக்கவும் எலயாசர் மறுத்தார். கடைப்பிடிப்பதாக நாம் நடிக்கலாமா? நம் பிள்ளைகளும் அதே பந்தியில் அமர்ந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.