கர்ப்பம் தெரியும் முன்பே தேவைப்படும் மாத்திரை... பின்னணியில் சென்னையில் படித்த விஞ்ஞானி! யார் இந்த சுப்பாராவ்?

குழந்தைக்குத் திட்டமிடும் பெண்களுக்கு டாக்டர்கள் முதலில் எழுதித் தருவது ஃபோலிக் ஆசிட் மாத்திரை. இந்தச் சத்தை ஆய்வகத்திலேயே தயாரித்துக் காட்டிய குழுவின் தலைவர், சென்னையில் படித்த எல்லாப்ரகடா சுப்பாராவ்.

1895 ஜனவரி 12-ல், அப்போதைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் ரெண்டு தடவை ஃபெயில்! மூன்றாவது முயற்சியில், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து பாஸானார். பிறகு மாநிலக் கல்லூரி. அந்த வயதில் அவர் ஆசைப்பட்டது டாக்டர் ஆக இல்லை, மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாக. அம்மா சம்மதிக்கவில்லை. மருத்துவம் படித்தாவது சேவை செய்யலாம் என்று சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே கதர்த் துணியில் ஆபரேஷன் கவுன் போட்டுக்கொண்டு வந்தார். ஆங்கிலேயப் பேராசிரியருக்குக் கோபம். எம்.பி.பி.எஸ். கிடைக்க வேண்டியவருக்கு, அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது.

இதற்கிடையே வீட்டில் பெரிய அடி. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் பேதியாகப் போய், ரத்தசோகையில் தள்ளும் ஸ்ப்ரூ என்ற நோய்க்கு சகோதரர்கள் இருவர் அடுத்தடுத்து பலியானார்கள். அவருக்கும் அதே நோய் வந்தது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்தார்.

மனைவியை ஊரில் விட்டுவிட்டு அமெரிக்கா போனவர், திரும்பி வரவே இல்லை. பாஸ்டனில் ஆஸ்பத்திரியில் கழிவுத்தட்டு கழுவும் ராத்திரி வேலை, பகலில் படிப்பு. ஹார்வர்டில் ஏ.டி.பி. உள்ளிட்ட முக்கிய ஆய்வுகளைச் செய்தும் நிரந்தரப் பதவி கிடைக்காததால், 1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்கு மாறினார்.

கர்ப்பிணிகளின் ரத்தசோகை

இந்தக் கதையில் இன்னொருவரும் உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர், இந்தியாவில் கர்ப்பிணிகளுக்கு வந்த கடுமையான ரத்தசோகையை ஆராய்ந்தவர். முதலில் பம்பாய். 1931-ல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தார் (இப்போது சேப்பாக்கத்தில் இருக்கும் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனைதான் அது). ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்த ரத்தசோகை குணமாவதைக் கண்டுபிடித்தார். அதிலிருந்த சத்துதான் ஃபோலேட். 1945-ல் சுப்பாராவின் குழு அதைச் செயற்கையாகத் தயாரித்தது. அவரது சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கும் அது மருந்தானது.

கருவுக்கு ஏன் இது முக்கியம்?

கரு உருவானதும் கர்ப்பப்பையில் ஒட்ட சுமார் ஒரு வாரம் ஆகும். நஞ்சுக்கொடி முழுதாக வேலை செய்ய இன்னும் பல வாரங்கள். அதுவரை தாயின் கர்ப்பப்பைச் சுரப்புதான் கருவுக்குச் சாப்பாடு. செல்கள் வேகமாகப் பிரியும்போது டி.என்.ஏ.வை நகலெடுக்க ஃபோலேட் வேணும். மூளை, தண்டுவடமாக மாறும் நரம்புக்குழாய் 28 நாட்களுக்குள் மூடிவிடும். பீரியட் தள்ளிப்போய் டெஸ்ட் எடுக்கும்போது இதில் பாதிக்கு மேல் முடிந்திருக்கும்!

இதற்குச் சான்று சுப்பாராவின் இன்னொரு மருந்திலேயே கிடைத்தது. ஃபோலேட்டைத் தடுக்கும் அமினாப்டெரினும் மெத்தோட்ரெக்ஸேட்டும் அவரது ஆய்வகத்தில் பிறந்தவை. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு முதன்முதலில் நிவாரணம் தந்தது அமினாப்டெரின்தான். ஆனால் 1950-களில் கருக்கலைப்புக்கு அதைக் கொடுத்தபோது, கலையாமல் பிறந்த சில குழந்தைகளுக்குக் கடும் குறைபாடுகள் இருந்தன.

தாயின் சாப்பாடு வாரிசின் தோற்றத்தையே மாற்றும் என்று 2003-ல் எலி ஆய்வு ஒன்றும் காட்டியது. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் ஆசிட், பி12 போன்றவை கொடுக்கப்பட்ட எலிகளுக்கு மஞ்சளுக்குப் பதில் பழுப்பு ரோமத்தோடு அதிகக் குட்டிகள் பிறந்தன.

இதையெல்லாம் பார்க்க சுப்பாராவ் இல்லை. 1948 ஆகஸ்டில், 53 வயதில் நியூயார்க்கில் இறந்துபோனார். 1991-ல் 7 நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. ஏற்கெனவே நரம்புக்குழாய்க் குறைபாடுள்ள குழந்தை பெற்ற பெண்கள், கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் ஆசிட் எடுத்தால் மறுபடி அப்படி நடப்பது 72 சதவீதம் குறைந்தது.

தண்ணித்துறை மார்க்கெட் கீரையில் ஃபோலேட் இல்லையா என்றால், இருக்கு. ஆனால் ரொம்ப நேரம் வேகவைத்தால் நிறைய போயிடும். அதனால்தான் கர்ப்பத்துக்கு ஒரு மாதமாவது முன்பிருந்து, முதல் 3 மாதம் வரை தினமும் 400 மைக்ரோகிராம் மாத்திரை. ஏற்கெனவே பாதிப்புள்ள குழந்தை பிறந்திருந்தால் டோஸ் பல மடங்கு அதிகம், அதை டாக்டர்தான் முடிவு செய்யணும்.